இருட்டும் ஒரு டார்ச்சும்

2012 அக்டோபரில் 'பீட்சா' வெளியானபோது தமிழ்நாடே மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தது. சி.வி.குமார் தயாரித்த சின்ன பட்ஜெட் படம். கார்த்திக் சுப்புராஜுக்கு முதல் படம். விஜய் சேதுபதியைப் பலருக்கு அப்போது தெரியாது. ஒரு பங்களா, இருட்டு, கையில் டார்ச். இதை வைத்தே தியேட்டரை மூச்சடக்க வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், அந்தப் பேய்க்கதையே வைரத்துக்காகக் கட்டிய பொய்!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, குளூஸோவின் 'லே தியாபோலிக்' (1955) நினைவு வந்தது. அதிலும் மாண்டவன் மீண்டது மனிதர் செய்த சூழ்ச்சிதான். பயமுறுத்தப் பணம் வேண்டாம்; பார்ப்பவன் நம்பினால் போதும்.

திருச்சியில் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பினோம். சித்திரை வீதி முழுக்க இருட்டு. பேயாவது பிசாசாவது என்று சிரித்துக்கொண்டே வந்த மனைவி, வீதியில் முதல்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் இல்லை. கரண்ட் போனால் அந்தக் கைதான் ஞாபகம்.