விரிசல் விழாத கரி

மரத்தைக் கரியாக்க யாராலும் முடியும். அதே வடிவில், விரிசல் இல்லாமல், சோதனை இயந்திரத்தில் வைத்து ஒடித்துப் பார்க்கும் அளவுக்கு முழுசாக எடுப்பதுதான் பாடு. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் "எத்தனை டிகிரிக்குச் சூடாக்கணும் சார்?" என்றுதான் கேட்பார்கள். மணிக்கு எத்தனை டிகிரி என்று கேட்பவர் அபூர்வம். கட்டையின் தலைவிதி அதில்தான் இருக்கிறது.

நைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் முதலில் ஈரம் போகும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தின் மூன்று முக்கியக் கூறுகளில் ஒன்றான ஹெமிசெல்லுலோஸ் சிதையும். 300-க்கும் 400-க்கும் நடுவே செல்லுலோஸ் மளமளவென்று உடையும். லிக்னின் மட்டும் நிதானமாக, 900 வரைகூட இழுத்துக்கொண்டு போகும். இத்தனை ஆவியும் தாரும் மரத்தின் நுண்குழாய்கள் வழியாகவே வெளியேற வேண்டும். சூட்டை விரட்டினால் மேற்புறம் சுருங்கி முடித்திருக்கும், உள்ளே இன்னும் மரமாகவே இருக்கும், கட்டை பிளந்துவிடும். அதனால் 200 முதல் 400 வரை மணிக்குப் பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. உலை இரவெல்லாம் ஓடும். மின்கட்டணம் ஏன் ஏறியது என்று அலுவலகத்தில் கேட்பார்கள், கேட்கட்டும்.

சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. 1000 டிகிரி வரை போனால் நார் ஓடும் திசையில் சுமார் 20 சதவீதம், மையத்திலிருந்து பட்டையை நோக்கி 30, ஆண்டு வளையத்தை ஒட்டி 40 வரை. கன அளவு மூன்றில் ஒரு பங்காகிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கே மிஞ்சுகிறது. ஆகவே அடர்த்தி மூல மரத்தின் 75–80 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டங்களில் சீமைக்கருவேலத்தின் கரி கனமாக இருப்பதற்கும் இதே கணக்குதான்: மரம் கனம் என்றால் கரியும் கனம். சுற்றளவு ஆரத்தைவிட அதிகம் சுருங்குவதால், நடுமையத்தோடு அறுத்த வட்டத்துண்டு எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் பிளக்கும். மையத்தை ஒதுக்கி அறுப்பதைத் தவிர வழியில்லை.

நுண்ணோக்கியில் வைத்தால் குழாய்களும் நார்களும் கதிர்களும் அப்படியே தெரியும். பழைய அடுப்புக்கரியைப் பார்த்தே தொல்லியலாளர்கள் இன்ன மரம் என்று சொல்லிவிடுகிறார்கள். மாறியிருப்பது செல்சுவர்: அதன் அடுக்குகள் அழிந்து, கண்ணாடிபோல் ஒரே சீராகியிருக்கும். 400 டிகிரியில் இறக்கிய கரி மரத்தைவிட விறைப்பில் மிகவும் குறைவு. அதற்குமேல் சூடு ஏற ஏற விறைப்பும் கடினமும் திரும்ப ஏறும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், மின்சாரமும் கடத்தும்.

ஆனால் இது கிராஃபைட் ஆவதில்லை. டி.என்.ஏ. ஆய்வால் பெயர்பெற்ற ரோசலிண்ட் பிராங்க்ளின், 1951-இல் கரிமப் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். 3000 டிகிரிக்குச் சூடாக்கினாலும் கிராஃபைட்டாக மாறாதவை ஒரு வகை. மரக்கரி அந்த வகை. சின்னச் சின்னக் கரிமத் தாள்கள் தாறுமாறாகக் கிடந்து ஒன்றையொன்று குறுக்கே பிணைத்திருப்பதால் வழுக்கி நகர முடியாது. கடினத்துக்குக் காரணம் அதுவே. ஒடிவதற்கும் அதுவே: வளையாது, முன்னறிவிப்பும் தராது, டப்பென்று முறியும். நார்த்திசையில் தாங்கும் சுமையில் சிறு பங்கையே குறுக்கே தாங்கும்.

ஆகவே இந்த வேலைக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவுகளை எழுதும்போது உச்ச வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். சூடேற்றிய வேகத்தையும், எந்தத் திசையில் அறுத்தீர்கள், எந்தத் திசையில் ஒடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாத வலிமை எண்ணை நான் அட்டவணையில் ஏற்றுவதில்லை.