அரை மணி வெளிச்சம்

எங்கள் விக்கிரமசிங்கபுரத்தில் சூரியன் பஞ்சாங்கத்தைப் பார்த்து மறைவதில்லை. மேற்கே பொதிகை மலை நிற்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே இங்கே ஆற்றங்கரையில் நிழல் இறங்கிவிடும். நான் வேலை பார்ப்பது திருநெல்வேலியில். ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, பஸ் பிடித்து வந்து சேர்ந்தால் இருட்டு. தாமிரபரணி இத்தனை பக்கத்தில் ஓடியும், வேலை நாளில் வெளிச்சத்தோடு முங்கிக் குளிக்க வாய்ப்பில்லை.

அதனால்தான் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கச் சொன்னவர்களை எனக்குப் பிடித்துப்போனது. பெங்களூரைச் சேர்ந்த திலீப் அகுஜா, சென் குப்தா முதலிய ஆய்வாளர்கள் இந்திய நேரத்தை ஆண்டு முழுக்க அரை மணி முன்னே வைத்தால் போதும், ஆண்டுக்கு 200 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். மின்சாரம் எனக்கு ஒரு சாக்கு. ஆற்றுக் குளியல்தான் உள்நோக்கம்.

கடிகாரத்தை முன்னே தள்ளுவது புதிய யோசனையும் அல்ல. போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடியது. அப்போது இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்த தாத்தாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “சங்கு ஊதினா போவோம். மணியைப் பாத்து என்ன செய்ய?” என்றார், அவ்வளவுதான்.

நாடு மாறும்வரை காத்திருப்பானேன் என்று என் கைக்கடிகாரத்தை மட்டும் அரை மணி முன்னே வைத்துப் பார்த்தேன். அலுவலகக் கதவு பூட்டிக் கிடந்தது. எதிர்க் கடையில் பால் காயவில்லை. சாயங்காலம் எல்லாரோடும் அதே ஐந்தரைக்குத்தான் விட்டார்கள். இந்தத் திட்டத்துக்குச் சொல்லக்கூடிய உருப்படியான நியாயம் இதுதான்: மாறினால் எல்லாரும் சேர்ந்து மாற வேண்டும்.

எல்லாரும் என்றால் யார் யார்? அதை என் மனைவி கேட்டாள். “கடிகாரத்தை மாத்தினா சோறு தானா வெந்துருமா? இப்பவே தை மாசத்துல பிள்ளைய இருட்டுலதான் எழுப்புதேன்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1906 முதல் நாம் வைத்திருக்கும் இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. திருநெல்வேலி அதற்கு மேற்கே, 77.7 பாகையில் இருக்கிறது. ஆக, நம் கடிகாரம் ஏற்கெனவே சூரியனைவிடச் சராசரியாக 19 நிமிடம் முன்னேதான் ஓடுகிறது. ஜனவரிக் கடைசியில் இங்கே ஏறக்குறைய 6.40க்குத்தான் சூரியன் எழுகிறது. அரை மணி கூட்டினால் 7.10. பள்ளி வேன் அதற்கு முன்பே தெருமுனைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1974 ஜனவரியில் ஆண்டு முழுவதற்குமாகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தார்கள். பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்குப் போவதைப் பார்த்துப் பெற்றோர் கொதித்தார்கள். அந்த அக்டோபரிலேயே பழைய குளிர்கால நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கோடைக்கும் குளிருக்கும் நியூயார்க்கில் பகல் ஆறு மணி நேரம்வரை நீண்டு குறுகும். நமக்கு அந்த வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மணிதான். கோடையில் மிஞ்சிக் கிடக்கும் வெளிச்சம் என்று இங்கே எதுவும் இல்லை. சாயங்காலத்துக்கு எடுத்துக்கொடுப்பது அத்தனையும் விடியற்காலையிலிருந்து பிடுங்கியதாகத்தான் இருக்கும்.

கடிகாரம் கிடக்கட்டும், அலுவலகத்தில் ஒன்பதிலிருந்து நாலரை என்று நேரம் மாற்றிக் கேட்டு எழுதிக்கொடுக்கலாமா என்று அவளிடமே கேட்டேன்.

“கேளுங்க. டிபன் கட்ட நாலு மணிக்கு எந்திரிக்கது யாரு?”

ஆற்று ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. இப்போதைக்குக் காலைக் காப்பியும் பிள்ளையை எழுப்புவதும் என் பொறுப்பு. விண்ணப்பம் இன்னும் எழுதவில்லை.