ஓடுமுன் எழுதிய கணக்கு



பரிஸின் ஏழாம் இலக்க மெற்றோ வந்து முடியும் இந்த லா கூர்னெவிலும் சரி, நம் தமிழர்களின் கடைத்தெருவான லாச்சப்பலிலும் சரி, சிகரெட் விற்கும் கஃபேக்கள் பலவற்றின் வாசலில் குதிரைப் பந்தயம் நடத்தும் பி.எம்.யூ. நிறுவனத்தின் பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே வன்சென் திடலில் ஓடும் குதிரைகள் திரையில் தெரியும். காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் 'பரி-தூர்ஃப்' பந்தயப் பத்திரிகை விரிந்து கிடக்கும். பழைய ஓட்ட முடிவுகளைத் தொகுத்து, நாளைக்கு எந்தக் குதிரை வெல்லும் என்று சொல்லும் தளமொன்றைச் சொந்தமாகக் கட்டுவது, கணினி தெரிந்தவருக்கு இன்று சில வார இறுதிகளின் வேலை. கட்டி முடித்ததும் 'பார்த்திட்டுச் சொல்லுங்கோ' என்று நாலு பேரிடம் கேட்பார்கள். பக்கத்தின் அமைப்பைப் பற்றி அந்த நாலு பேர் சொல்வது பயன்படும். கணிப்பைப் பற்றி அவர்கள் சொல்லும் எதையும், புகழானாலும் வசவானாலும், கணக்கில் எடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

ஏன் என்று விளங்க, காசு போகும் வழியைப் பார்க்க வேண்டும். பிரான்சில் குதிரைப் பந்தயக்காரர் மோதுவது கடைக்காரரோடு அல்ல, மற்றப் பந்தயக்காரரோடு. கட்டிய காசு முழுவதும் ஒரே பானையில் விழும். நடத்துபவர் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சம் வென்றவர்களுக்குப் பிரியும். இந்த ஏற்பாட்டை 1860களில் பரிஸில் உண்டாக்கியவர் ஜோசப் ஒல்லேர். கத்தலோனியாவில் பிறந்து இங்கே குடியேறியவர், பின்னாளில் மூலன் ரூஜ் அரங்கை நிறுவியவர்களில் ஒருவர். (புலம்பெயர்ந்தவர்கள் இந்த ஊருக்குக் கொடுத்தவற்றின் பட்டியலில் இதையும் சேர்க்கத்தான் வேண்டும்.) 1891ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பொதுப்பானை முறையை அனுமதித்து, தாங்களே விகிதம் வைத்துப் பந்தயம் வாங்கும் புக்கிகளைத் தடுத்தது. எல்லாப் பந்தய வகைகளையும் சேர்த்துப் பார்த்தால், பானையில் விழுவதில் ஏறத்தாழக் கால்பங்கு திரும்பி வருவதில்லை. ஆகவே ஒரு கணிப்பு மற்றவர்களின் கணிப்பைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தால் போதாது. அந்தக் கால்பங்கு இழப்பைத் தாண்டும் அளவுக்கு நன்றாக இருக்க வேண்டும்.

வாசகரின் பாராட்டு இதை அளக்காது. கன்தே என்ற பந்தயத்தையே எடுப்போம். ஒரே ஓட்டத்தில் முதலில் வரும் ஐந்து குதிரைகளையும் சொல்ல வேண்டிய பந்தயம் அது. 18 குதிரைகள் ஓடினால், வரிசை பாராத ஐந்தின் தொகுதிகள் 8,568 உண்டு. கணிப்புச் சொல்பவர்கள் வழக்கமாக எட்டுக் குதிரைகளின் பெயரைத் தருகிறார்கள். ஐந்தும் அந்த எட்டுக்குள் அமைந்துவிட்டால் 'கன்தே பிடித்தோம்' என்று முழங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு எட்டு இலக்கங்களை எழுதினாலும் 153 ஓட்டங்களுக்கு ஒருமுறை இது நடக்கும். கன்தே நாள்தோறும் உண்டு என்பதால், ஒன்றுமே தெரியாதவருக்கும் ஐந்து மாதத்துக்கு ஒரு வெற்றி விழா கிடைக்கும். எட்டுக் குதிரைகளையும் முழுதாகக் கட்ட 56 சீட்டுகள் வேண்டும். சீட்டுக்கு 2 ஈரோ வீதம் 112 ஈரோ. முழக்கத்தில் இந்தத் தொகை வராது. வென்ற அன்று நன்றி எழுதுகிறவரும் மற்ற 152 நாளைக் கூட்டிப் பார்த்து எழுதுவதில்லை. தோற்றவரோ ஒன்றும் எழுதாமல் வேறு தளத்துக்குப் போய்விடுகிறார்.

இதைவிட மோசமான விளைவும் உண்டு. அதிகம் பேர் காசு கட்டிய முதலிடக் குதிரையைச் சொல்லி அது வென்றால் யாருக்கும் வியப்பில்லை, கைதட்டும் இல்லை. வெல்லும் என்று பெரும்பாலோர் எதிர்பாராத குதிரை ஒன்று முப்பது மடங்கு கொடுத்தால்தான் பேச்சு எழும். எனவே பாராட்டைப் பின்பற்றும் தளக்காரர் மெல்ல மெல்ல அப்படிப்பட்ட குதிரைகளின் பக்கம் சாய்வார். ஆனால் வெல்லும் வாய்ப்பின் அளவுக்கு மீறி மக்கள் காசைக் கொட்டுவது அந்தக் குதிரைகள் மீதுதான் என்பதை 1949இலேயே கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தயக் கணக்குகளிலிருந்து காட்டினார். பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே கண்டன. கைதட்டு எங்கே கூடுதலோ, நீண்ட காலத்தில் நட்டமும் அங்கேதான் கூடுதல்.

'குதிரையைப் பற்றித் தெரிந்தவன் வெல்லத்தானே செய்வான்?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், சென்னைக் கிண்டிப் பந்தயத்தைப் பற்றிய லக்ஷ்மணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டது, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் பொதுப்பானையில் திறமை என்பது மற்றவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்திருப்பது. வன்சென்னின் வண்டியோட்டக் குதிரைக்கு நான்கு இலாடத்தையும் கழற்றிவிட்டால் வேகம் கூடலாம். உண்மைதான், ஆனால் அந்தச் செய்தி 'டி4' என்று ஓட்டப் பட்டியலிலேயே அச்சாகிறது. படித்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டே கட்டுகிறார்கள். ஹொங்கொங்கில் கணினி மாதிரியால் பெருஞ்செல்வம் சேர்த்த பில் பென்டர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னதும் இதை ஒட்டியதுதான். தன் மாதிரியின் கணிப்போடு பொதுமக்கள் கட்டிய காசு காட்டும் விகிதத்தையும் சேர்த்தபோதுதான் அந்தக் கணிப்பு வலுப்பட்டது. தளம் கட்டுபவர் தேடும் கருத்து ஏற்கெனவே விகிதப் பலகையில் இருக்கிறது. அந்த விகிதத்தை எழுதியவர்கள் காசை வைத்து எழுதினார்கள். உங்களுக்கு நன்றி சொன்னவர்கள் வெறும் வாயால் சொன்னார்கள்.

கணிப்பை விட்டு, பக்கத்தின் அமைப்பைப் பற்றிக் கேட்க வேண்டியது பந்தயம் அறியாதவரிடம். குதிரையின் பழைய ஓட்டங்களைக் குறிக்கும் எழுத்துச் சரத்தில் 'டி' வந்தால், தாவி ஓடித் தகுதி இழந்தது என்று பொருள். அதே 'டி' இலக்கத்தோடு வந்தால் இலாடம் கழற்றியது. பழகியவர் கண்ணுக்கு இந்தக் குழப்பம் தெரியாது, புதியவர் முதல் நிமிடத்திலேயே தடுக்கி விழுவார்.

'காசு வாங்காமல் பொழுதுபோக்காகச் செய்கிறவனிடம் கணக்குக் கேட்பது கொடுமை' என்பாரும் உண்டு. தளக்காரருக்குத்தான் பொழுதுபோக்கு; அதை நம்பிக் கட்டுகிறவரின் காசு வாடகையிலிருந்தோ மாதச் சீட்டுப் பணத்திலிருந்தோ வருவது. எங்கள் சமூகமோ சிறியது. சனிக்கிழமை லாச்சப்பலில் மரக்கறி வாங்கும்போது எதிரே வருகிறவரிடம் 'உன் கணிப்பால் 300 ஈரோ போச்சு' என்று சொல்ல நம்மில் எவருக்கும் வாய் வராது. மரியாதைக்குச் சொல்லும் 'நல்லாயிருக்கு'தான் அவர் காதில் விழும்.

ஆகவே தளக்காரர் கேட்க வேண்டியது குதிரை ஓடுமுன் எழுதி, நேரம் குறித்து, பிறகு அழிக்க முடியாதபடி வைத்த கணக்கை. ஒவ்வொரு கணிப்புக்கும் 2 ஈரோ கட்டியதாக வைத்துக்கொண்டு, வந்தது எவ்வளவு, அதே ஓட்டங்களில் முதலிடக் குதிரையை மட்டும் கட்டியிருந்தால் வந்திருப்பது எவ்வளவு என்று இரண்டு நிரல்களாகப் போட வேண்டும். நூறு ஓட்டம் போதாது. நூற்றில் முப்பது வென்று, வெல்லும்போது இரண்டரை மடங்கு தரும் குதிரைகளைக் கட்டினால், நூறு ஈரோவுக்குச் சராசரி 75 வரும். ஆனால் வெறும் தற்செயலாலேயே அது பதினொன்று கூடவோ குறையவோ செய்வது சாதாரணம். ஆயிரம் ஓட்டத்தில் அந்த ஊசலாட்டம் நூற்றுக்கு நாலளவாகச் சுருங்கும். நாட்டில் ஒவ்வொரு நாளும் பல திடல்களில் ஓட்டம் இருப்பதால், ஒரு பனிக்காலம் முடிவதற்குள் ஆயிரத்தைச் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்த கணக்கில் முதலிடக் குதிரை நிரலே முன்னே நின்றால், தளத்தை மூட வேண்டியதில்லை. கணிப்பை எடுத்துவிட்டு ஓட்டப் பட்டியலையும் முடிவுகளையும் மட்டும் தமிழில் தரலாம்.


லா கூர்னெவிலிருந்து