கட்கிக்குச் சென்ற போர்வைகள்

மும்பையில் வாழும் நம்மவர்க்குப் புனே நகரம் புதிதன்று. விடுமுறை நாளில் காலை ரயிலேறி, கர்ஜத்தில் வண்டியின் பின்புறம் மலையேற்றும் எஞ்சின் பூட்டப்படுவதைக் குழந்தைகளுக்குக் காட்டி, போர்காட் மலைக்குகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே மேலேறி, லோணாவளாவில் சிக்கி வாங்கிச் சுவைத்து, சனிவார் வாடாவையும் பார்வதி குன்றையும் கண்டு திரும்புவது நம் வழக்கம். ஆனால் சிவாஜிநகருக்குச் சற்று முன்னர்க் கட்கி என்றொரு நிலையம் வருகிறதே, அங்கே இறங்கியவர் நம்முள் எத்துணை பேர்? யானும் பல்லாண்டுகள் அதைச் சன்னல் வழியே பார்த்துக் கடந்தவனே.

ஆங்கிலேயர் கிர்க்கி என்று எழுதிவந்த இவ்வூர், 1817 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் நாள் பேஷ்வாவின் படையும் கும்பினிப் படையும் பொருத களமாகும். பின்னர் அது இராணுவக் குடியிருப்பாயிற்று. படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. பம்பாய்ப் பொறியியல் படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. அகன்ற சாலைகளும் முதுமரங்களும் நிறைந்த அவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கடைத்தெருவில் நம் மொழி காதில் விழும்போது, மலை தாண்டி வந்தோம் என்பதே மறந்துபோகிறது.

போரில் உறுப்பிழந்தோர்க்குப் புகலிடமாகவும் இப்பகுதி நெடுநாளாக விளங்கி வருகிறது. முதல் உலகப் போரில் ஊனமுற்ற வீரர்க்குத் தொழில் கற்பிக்க 1917 இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற குவீன் மேரி தொழிற்பயிற்சி நிலையம், பிற்பாடு கட்கிக்கே வந்து சேர்ந்தது. 1944 இல் புனேயில் செயற்கை உறுப்பு நிலையம் உருவாயிற்று. 1974 முதல், முதுகுத்தண்டு முறிந்து நடமாட்டம் இழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையமும் கட்கியில் இயங்கி வருகிறது. எங்கள் சங்கத்து மாதர் பகுதியினர் பழம்புடவைப் போர்வைகள் தைத்து எடுத்துச் சென்றது அம்மையத்திற்கே. மூட்டை தூக்கும் தொண்டு என் பங்காயிற்று.

மராட்டிய நாட்டில் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் போர்வையைக் கோதடி என்பர். பாட்டியின் சேலை பேரனுக்குப் போர்வையாவது இந்நாட்டு வழக்கம். நம் மாதர் அதனை அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டனர். 1962 இல் சீனப் போர் மூண்டபோது, பனிமலையில் நின்ற ஜவான்களுக்கென நாடெங்கும் பெண்டிர் கம்பளிச் சட்டை பின்னினர். பொன்னும் கழற்றிக் கொடுத்தனர். அமெரிக்காவில் காதரின் ராபர்ட்ஸ் என்னும் அன்னை, போர்முனைக்குச் சென்ற மகனை எண்ணி 2003 இல் தொடங்கிய ஒட்டுத்துணிப் போர்வைப் பணி இன்று பெரியதோர் இயக்கமாக வளர்ந்துள்ளது. இவற்றையெல்லாம் பேசிப் பேசி எங்கள் மாதர் ஆறு திங்களில் நாற்பது போர்வைகளை முடித்தனர். சரிகைக் கரை வைத்தார் ஒருவர். கண்ணாடிச் சில்லு பதித்தார் மற்றொருவர். அழகுக்கு அழகு போட்டியிட்டது.

முதன்முறை சென்றபோது அவற்றைப் பெற்றுக்கொண்ட செவிலி அம்மையார், முகமலர்ச்சியோடு நன்றி கூறினார். பின்னர் ஒரு போர்வையை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்த்து, “அம்மா, உங்கள் அன்பு பெரிது. ஒரு சொல் கூறலாமா?” என்று தயங்கிக் கேட்டார்.

அவர் கூறியதை நான் இயன்றவரை எழுதுகிறேன். முதுகுத்தண்டு முறிந்தவர்க்கு, முறிவிற்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு முடிச்சோ மடிப்போ உடலின்கீழ் அகப்பட்டு அழுத்தினால் நமக்கு உறுத்தும். உடனே புரண்டு படுப்போம். அவர்க்கோ அது தெரியாது. சில மணி நேரத்தில் தோல் சிவந்து, நாளடைவில் அழுகிப் புண்ணாகி எலும்பு வரை இறங்கும். அப்படுக்கைப் புண் உயிருக்கே கேடு சூழக்கூடும். அதனாலன்றோ, தாமே புரள இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கின்றனர்! சரிகை தோலைச் சிராய்க்கும். கண்ணாடிச் சில்லு கீறும். கனத்த போர்வை பாதத்தை அழுத்தி வளைத்துவிடும். தொங்கும் நூல் சக்கர நாற்காலியில் சிக்கும். கொதிநீரில் வெளுக்கத் தாங்காத சாயமும் மருத்துவ மனைக்கு ஆகாது.

எங்கள் மாதர் வாயடைத்து நின்றனர். “அப்படியானால் போர்வையே வேண்டாவா?” என்று மூத்த அம்மையார் தழுதழுத்தார்.

“வேண்டும் அம்மா, கட்டாயம் வேண்டும். கழுத்தருகே முறிந்தவர்க்கு உடல் தன் சூட்டைத் தானே காக்காது. குளிரில் உடல் நடுங்கிச் சூடு பெறுவதும் இல்லை. வெயிலில் வியர்ப்பதும் இல்லை. மார்கழி இரவில் இவ்வூர்க் குளிர் உங்களுக்குத் தெரியாதா? மெல்லிய பழைய பருத்தியாக, முடிச்சில்லாமல் தைத்துத் தாருங்கள்,” என்றார் செவிலி.

திரும்பும் வழியில் மலைச்சாரலைப் பார்த்தவர் எவருமில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் நினைவே எனக்கு வந்தது. அவன் ஈகையைக் கொடைமடம் என்று போற்றியது தமிழ். மயில் உடுக்குமா, போர்த்துமா என்று எண்ணாது கொடுத்த உள்ளம் பெரிதுதான். ஆனால் மயிலுக்கு அப்போர்வையால் தீங்கு விளையவில்லை. நாம் கொடுக்க முற்பட்டதோ தீங்கு விளைக்கவல்லது. பெறுபவர் யாரென அறியாமல் நம் மனநிறைவுக்காகவே தைத்தோமோ என்ற கேள்வி அன்றிரவு எங்கள் எல்லோரையும் உறுத்திற்று.

மறுவாரமே தையல் பிரிக்கும் பணி தொடங்கியது. சரிகை நீங்கிற்று; சில்லுகள் உதிர்ந்தன. இரண்டே அடுக்கு, முடிச்சிடாது நூல் நுனியை உள்ளே மறைக்கும் தையல், மடித்துத் தைத்த விளிம்பு என விதி வகுத்தோம். பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலைகளே தேவை என்று வீடு வீடாகக் கேட்டோம். பட்டைக் கொடுக்க முன்வந்தோர் பலர். அன்றாடம் உடுத்திய சேலையைக் கேட்டபோதுதான் தயங்கினர். மறைந்த தாயின் சேலை அது, உடன்பிறந்தாளின் சேலை அது என்றனர். அத்தயக்கம் கடந்து வந்தவையே உண்மையான கொடைகள்.

இவ்வாண்டு மார்கழியில் மீண்டும் கட்கி சென்றோம். வாயில் தூரிகை கவ்வி ஓவியம் தீட்டுவோரைக் கண்டோம். சக்கர நாற்காலியில் அமர்ந்தே பந்தாடுவோரைக் கண்டோம். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர், 1972 இல் ஹைடல்பர்க் நகரில் நீச்சலில் தங்கம் வென்ற வரலாற்றை அவர்களே பெருமையோடு கூறினர். இரக்கம் கொண்டு சென்ற நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவர் அங்கிருந்தார். எல்லைப்புற மலைப்பாதையில் வண்டி உருண்டு முதுகு முறிந்தவர். மூத்த அம்மையார் விரித்த போர்வையில் சுங்குடிப் புள்ளிகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“எங்க அப்பத்தா சேலை இப்படித்தாம்மா இருக்கும்,” என்று இரு கைகளாலும் தடவினார்.

“காலை மூடிவிடட்டுமா தம்பி?” என்றார் அம்மையார்.

“காலில் போட்டால் எனக்குத் தெரியாதம்மா. தோள் வரைக்கும் இழுத்துவிடுங்கள். அங்கேதான் தெரியும்.”

அம்மையார் இழுத்துவிட்டார். அது அவர்தம் தமக்கை உடுத்திய சேலை என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அன்பர்களே, உங்கள் பெட்டிகளிலும் மெத்தென்ற பழஞ்சேலைகள் உறங்கக் கூடும். ஊசி எடுக்குமுன், எந்த மருத்துவமனைக்கோ நிலையத்திற்கோ கொடுக்க எண்ணுகிறீர்களோ அங்கே சென்று, வேண்டுவது யாது என்று கேளுங்கள். கேட்ட பின்னர்த் தையுங்கள். அடுத்த முறை புனே செல்லும்போது, சிவாஜிநகருக்கு முன்னுள்ள அந்தச் சிறு நிலையத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள்.