பெயர் சொல்லாத நியாயம்

மரக்காணம் உப்பளத்தில், நேற்று இரவு ஓடிய சீரியலுக்கு இன்று வெயில் ஏறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். யார் செய்தது சரி, யார் செய்தது துரோகம், எந்தக் கல்யாணம் நிலைக்கும், எது நிலைக்காது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் பெண்கள் கஞ்சி குடிக்க உட்காருவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். நான் கேட்டதிலேயே நேர்மையான விமர்சனம் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் அந்த உப்புக் குவியல்களைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிப் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதை வற்றவைக்க, கடைசிப் பாத்தியில் உப்பு விளையும். விளைந்ததை நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் வாரி வரப்போரம் சேர்த்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். பொழுது உச்சிக்கு வந்துவிட்டால் வெள்ளைத் தரையின் கூச்சம் கண்ணைத் திறக்க விடாது. அதனால் இருட்டோடு இருட்டாகவே வேலை தொடங்கிவிடும். கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை, வாய்க்கு மட்டும் தடை இல்லை. சீரியல் பேச்சு நடப்பது அந்த நேரத்தில்தான்.

'மெட்டி ஒலி'யை அடுத்த வீட்டு வாசலில் நின்று பார்த்த பெண்கள் இவர்கள். 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கிய பிறகு, 'கோலங்கள்' அபியைத் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தையும் கைமாற்றுக் கடனையும் வைத்துக் குடும்பத்தை ஓட்டும் அந்த மாதங்களில் சீரியல்தான் இரவுக்குத் துணை. அந்தத் துணையைப் பற்றி அவர்கள் விளையாட்டாகப் பேசி நான் கேட்டதில்லை.

விஜய் டிவியில் 2023 ஜனவரியில் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை' அவர்களுக்கு நிறையப் பேச்சு கொடுத்தது. கார் ஓட்டும் முத்து, பூக்கட்டி விற்கும் மீனா. கல்யாண நாளில் மாப்பிள்ளை ஓடிப்போனதால் தம்பியைத் தாலி கட்ட வைத்துச் சேர்த்த ஜோடி, பிறகு மெல்ல மெல்ல ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறது. எதிர்ப்பக்கம் ரோகிணி. முன்பே கல்யாணமாகி ஒரு மகனும் இருப்பதை மறைத்து, மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகப் பொய் சொல்லி அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள். முத்துவும் மீனாவும் சேர வேண்டும் என்பதில் உப்பளத்தில் இரண்டு கருத்து இல்லை. ரோகிணிதான் அவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தாள்.

என் அத்தை முதல் கட்சி. "அந்த வூட்டு மாமனாரு வாழ்நாள் பூரா ரயில் ஓட்டிச் சம்பாரிச்ச மானத்த இவ ஒரு பொய்யில வித்துட்டா" என்பார். அவருக்கு அடுத்த பாத்தியில் வாரும் அக்கா ஒருவர் பலகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நெசத்தச் சொல்லியிருந்தா அந்த மாமியாக்காரி வாசப்படி ஏத்தியிருப்பாளா அத்தே? கையில ஒரு புள்ள. அவளுக்கு வேற வழி இன்னா இருந்துச்சு?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்த அக்காவின் கணவர் விட்டுவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மகனை அம்மா வீட்டில் விட்டு வளர்க்கிறார். அங்கிருந்த எல்லாருக்கும் அது தெரியும். கொஞ்சம் பொறுத்து அத்தை சொன்னார்: "பொய் சொன்னது தப்புதான். ஆனா அவள அந்தப் பொய்யச் சொல்ல வச்சவங்க மேலயும் தப்பு இருக்குது." மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முத்துவின் குடியைப் பற்றியும் இப்படித்தான். தொடரின் தொடக்கத்தில் அவன் குடித்துவிட்டு வரும் காட்சிகளை மற்ற ஊர்களில் சிரித்தபடி பார்த்திருக்கலாம். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெரியம்மா கேட்ட கேள்வியை எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை: "குடிக்கிறவன் உள்ளுக்குள்ள நல்லவன்னு எதுக்கு எழுதுறாங்க? நல்லவனாவே இருக்கட்டும், பொழுது விடிஞ்சா அவன் எழுந்திரிப்பானான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கறது பொண்டாட்டிதானே?"

கதை மாந்தரைப் பற்றி வாதிடுவது வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பேச்சை ஒரு நாள் கேட்க வேண்டும். தன் வீட்டில் நடப்பதைத் தன் வாயால் சொல்ல முடியாதவள், ரோகிணியின் பெயரை வைத்துச் சொல்லிவிடுகிறாள். கேட்கிறவர்களும் அவளைச் சுட்டாமல் ரோகிணிக்கே பதில் சொல்கிறார்கள். அவள் மானமும் காப்பாற்றப்படுகிறது, நியாயமும் பேசப்படுகிறது.

படித்தவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. முன்பின் தெரியாதவனிடம் கெட்டுப்போன மகளின் தலையில் ஒரு தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் செய்தது சரியா? அப்படிச் செய்யாத தாயாக இருந்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? இந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972இல் அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. வாசகர்கள் அன்று அத்தனை கோபப்படாமல் இருந்திருந்தால், அந்தப் பெண்ணின் கதை ஒரு சிறுகதையோடு முடிந்திருக்கலாம். கோபம் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

அந்தக் கோபம் யார் மேல் போய் விழுகிறது என்பதுதான் என் கவலை.

அத்தை மகள் திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் அம்மாவைப் போலவே சீரியல் பார்ப்பவள், பார்ப்பது மட்டும் போனில். வில்லியாக நடிக்கும் ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே வந்திருந்த கருத்துகளை ஒரு நாள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண்ணின் நிறம், உடம்பு, கல்யாணம், பெற்ற தாய் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. செத்துப் போ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ரோகிணியை வாரம் தவறாமல் திட்டும் என் அத்தையின் முகம் மாறிப்போனது. "அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணுச்சு? எழுதிக் குடுத்தத நடிக்குது. கூலிக்கு வேல செய்யறவள இப்படியா பேசுவாங்க?" என்றார். கூலி வேலையின் அருமை தெரிந்தவர் கேட்ட கேள்வி அது.

காதல் தொடர்களில் இது இன்னும் கடுமையாக இருக்கிறது. ஒரு ஜோடியை மனதில் ஏற்றிக்கொண்டவர்கள், அந்த ஜோடிக்கு நடுவே வரும் யாரையும் பொறுப்பதில்லை. 'பாரதி கண்ணம்மா'வில் வெண்பாவாக நடித்த ஃபரினா ஆசாத் 2021இல் கர்ப்பிணியாக இருந்தபோது எடுத்துக்கொண்ட படங்களுக்கும் வசை வந்தது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' கதிர், முல்லை ஜோடியைத் தமிழ்நாடு தன் வீட்டுப் பிள்ளைகளாகவே பார்த்தது. 2020 டிசம்பரில் முல்லையாக நடித்த சித்ரா காலமானார். அந்தத் துக்கத்தின் நடுவே அதே பாத்திரத்துக்கு வந்த காவ்யா அறிவுமணி, இன்னொருவரோடு ஒப்பிடப்பட்டபடியேதான் ஒவ்வொரு காட்சியிலும் நடிக்க வேண்டியிருந்தது. ஜோடியாக நடித்தவர்கள் நிஜத்திலும் மணந்துகொள்வது உண்டு. 'சரவணன் மீனாட்சி' செந்திலும் ஸ்ரீஜாவும், 'ராஜா ராணி' சஞ்சீவும் ஆல்யா மானசாவும் அப்படி மணந்தவர்கள். அது அவர்களுடைய வாழ்க்கை. அதைப் பார்த்துவிட்டு எல்லா ஜோடியும் அப்படியே சேர வேண்டும் என்று கேட்கவும், வேறு ஒருவரை மணந்தவரை ஏசவும் யாருக்கும் உரிமை இல்லை.

உப்பளத்தில் ஏன் இப்படி நடப்பதில்லை? அந்தப் பெண்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் என்று சொல்லிவிட மாட்டேன். அங்கே சண்டை வரும், பேச்சு தடிக்கும். ஆனால் இன்று யாரோடு வாதிட்டாயோ, நாளை அவள்தான் உன் தலைக்குக் கூடையைத் தூக்கிவிட வேண்டும். சொன்ன சொல் பட்டதா என்று அவள் முகத்தில் தெரிந்துவிடும். போனில் முகம் இல்லை, நாளை இல்லை, எழுதியவருக்குப் பெயரும் இல்லை. ஏசப்படுகிறவருக்கு மட்டும் பெயர் இருக்கிறது. கடுமையாக எழுதினால் நூறு பேர் வந்து பார்க்கிறார்கள், நிதானமாக எழுதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தளங்களை நடத்தும் கம்பெனிகளுக்கு அந்த நூறு பேரின் வருகை வருமானம்.

நம் இலக்கியம் இதற்கு ஒரு வழியை என்றோ வகுத்துவிட்டது. காதலைப் பாடும் அகத்திணைப் பாட்டில் எவருடைய இயற்பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று மட்டுமே வருவார்கள். 'நெடுநல்வாடை' பிரிவைப் பாடும் பாட்டாக இருந்தும், பாண்டியனின் அடையாளமான வேம்பு அதில் வந்துவிட்டதால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறம் என்றார். எங்கள் ஊரும் அந்தப் பாட்டுகளுக்கு அந்நியமில்லை: மரக்காணத்தைச் சங்க கால எயிற்பட்டினமாக அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். உமணர் உப்பு விற்ற நெய்தல் நிலம் இது. ஊரார் தூற்றும் அலர் அந்த நிலத்துப் பாட்டுகளில் நிறைய வரும். ஊர் பேசும், தலைவி வாடுவாள், தோழி வழி தேடுவாள். ஆனால் அந்தத் தலைவி இன்னாருடைய மகள் என்று எந்தப் புலவரும் காட்டிக்கொடுத்ததில்லை. காதலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், எந்த ஒரு மனிதரையும் அதில் மாட்டிவைக்கக் கூடாது என்ற அறம் அந்த விதிக்குள் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். என் அத்தைக்குத் தொல்காப்பியம் தெரியாது. ரோகிணியாக நடிப்பவரின் சொந்தப் பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

பழைய ரசிகர்கள் இந்த அறத்தை ஓரளவு காத்தார்கள். எம்.என்.நம்பியாரைத் திரையில் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பெண்களே, சபரிமலைக்குக் குருசாமியாகப் போகும் அவரை வெளியே கும்பிட்டார்கள். நடிகர் மாரிமுத்துவின் விஷயத்திலும் அதைப் பார்த்தேன். அவர் நடித்த 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை மரக்காணத்துப் பெண்கள் திட்டாத நாள் இல்லை. 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் இறந்த செய்தி வந்தபோது, சொந்தத்தில் ஒருவர் போனதைப் போல அழுதார்கள். பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை.

இந்த வேறுபாடு மறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா பார்த்துவிட்டது. நீண்ட காலம் இணைய வசைக்கு ஆளாகியிருந்த சுல்லி 2019 அக்டோபரிலும், அவருடைய தோழி கூ ஹாரா நவம்பரிலும் இறந்தார்கள். இருவரும் இருபதுகளில் இருந்த பாடகிகள், நடிகைகள். பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியைக் காகாவோ நிறுவனம் அந்த அக்டோபரிலும், நேவர் 2020 மார்ச்சிலும் எடுத்துவிட்டன. இங்கே கம்பெனிகள் அப்படித் தாமாக முன்வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எழுதுகிற விரல் நம்முடையது.

தொடர்களைக் கண்டிக்கவே வேண்டாம் என்று பொருள் இல்லை. ஒரு டி.என்.ஏ. சோதனையில் தீரும் சந்தேகத்தை 'பாரதி கண்ணம்மா' வருஷக்கணக்கில் இழுத்தபோது மக்கள் கோபப்பட்டது நியாயம். அறைவதைக் காதல் என்று காட்டினால், அடிப்பவனுக்காகப் பொறுமை காக்கச் சொன்னால், கறுப்பு நிறத்தைக் குறையாக்கினால் உரக்கக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கதை எழுதுகிறவருக்கும், இயக்குகிறவருக்கும், ஒளிபரப்பும் சேனலுக்கும் போக வேண்டும். வசனத்தைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்ணின் நிறத்துக்கும் தாய்க்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே சீரியல் பார்க்கிற எல்லாரிடமும் கேட்கிறேன். ரோகிணியைத் திட்டுங்கள், முத்துவைக் கேள்வி கேளுங்கள், மீனாவுக்காக அழுங்கள், விடிய விடிய வாதிடுங்கள். எழுதுவதற்கு முன் அங்கே ஒரு நடிகரின் சொந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அவர் எதிரே நின்றால் அதை முகத்துக்கு நேரே சொல்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் எழுதாதீர்கள்.