அப்பத்தாவின் கைப்பிடி

நம் உறுப்புக்களுள் நாம் மிகுதியாக ஏவுவது கையினையே. மிகக் குறைவாக நினைப்பதும் அதனையே. உண்பதும் எழுதுவதும் உடுப்பதும் கையால் நிகழ்வன. எனினும், அது தன் தொழிலைச் செய்யும்வரை அதன் அருமை நமக்குத் தோன்றுவதில்லை. இவ்வுண்மையை யான் நூலிற் கற்றேனல்லேன். சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், எம் வீட்டு மாடிப்படியின் மழையீரத்தில் வழுக்கி வீழ்ந்து கற்றேன்.

எம் இல்லம் ஆரப்பாளையத்தில், வையைக் கரைக்கு அண்மையில் உள்ளது. பிட்டுத் திருவிழாவிற்காகப் புட்டுத்தோப்பில் மக்கள் திரண்டிருந்த நாட்கள் அவை. வீழ்ந்த வேகத்தில் வலக்கை மணிக்கட்டின் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்து வெளிவந்த கை, என் கைபோலவே தோன்றவில்லை. மெலிந்து, வெளுத்து, பிறர் ஒருவரிடம் இரவல் வாங்கியதுபோல் தொங்கிற்று. தண்ணீர்க் குழாயைத் திருக இயலவில்லை; சட்டைப் பொத்தானை மாட்ட இயலவில்லை; பேனா மூன்றாம் வரியிலேயே நழுவிற்று. கார்த்திகையில் பருவத் தேர்வு. ஐந்து தாள்கள், ஒவ்வொன்றிற்கும் மூன்று மணி நேரம். இடையில் இருந்தவையோ ஐந்து வாரங்களே.

இயன்முறை மருத்துவரிடம் சென்ற நாளில் எனக்குத் துணையாக வந்தவர் எழுபத்து நான்கு வயதுடைய என் அப்பத்தா. பிடியின் வலிமையை அளக்கும் சிறு கருவி ஒன்றை மருத்துவர் என் கையிற் கொடுத்து அழுத்தச் சொன்னார். இடக்கை 34 கிலோ காட்டிற்று. வலக்கை 13 கிலோவில் நின்றுவிட்டது. அப்பத்தா நகைத்து, "இம்புட்டுத்தானாய்யா? இங்கிட்டுக் கொடு" என்று தாமும் வாங்கி அழுத்தினார். முள் 14-ஐத் தாண்டவில்லை. அவர் முகத்திலிருந்த நகை மறைந்ததை யான் கண்டேன். ஆயினும் அப்போது அதனைப் பெரிதாக நினைத்திலேன். என் கையைப் பற்றிய கவலையே எனக்குப் பெரிதாயிருந்தது.

மருத்துவர் விளக்கியதை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் உள்ளன. பொம்மலாட்டக்காரன் மேலிருந்து கயிற்றை இழுக்கப் பாவை அசைவதுபோல, நீண்ட தசைநாண்கள் இழுக்க விரல்கள் மடங்குகின்றன. கட்டுக்குள் அசையாதிருந்த தசை சில வாரங்களிலேயே மெலியும். மீண்டும் பழக்கினால், முதற்கண் நரம்புகள் தசையை ஏவும் திறத்தை மீட்டுக்கொள்ளும். தசை பருப்பது அதன் பின்னரே. ஆதலின், முதற் சில வாரங்களில் கை பருக்கவில்லையே என்று மனந்தளர்தல் வேண்டா.

பிடியின் வலிமை கைக்கு மட்டும் உரிய செய்தியன்று. 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 மக்களின் கைப்பிடியை அளந்து, அவர்களை நான்கு ஆண்டளவு தொடர்ந்து நோக்கிற்று. பிடி 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு நேரும் வாய்ப்பு 16 விழுக்காடு மிகுந்திருக்கக் கண்டனர். பிடிக்குறைவே இறப்பிற்குக் காரணம் என்று இதனாற் கொள்ளலாகாது. உடலின் தளர்ச்சியைக் கை முன்னறிவிக்கின்றது என்று கொள்வதே பொருத்தம். ஆசிய வல்லுநர் குழு ஒன்று 2019-இல் வகுத்தபடி, ஆடவர்க்கு 28 கிலோவிற்கும் பெண்டிர்க்கு 18 கிலோவிற்கும் குறைந்த பிடி, தசைத்தளர்ச்சி உண்டோவென ஆராயத்தக்கது.

நிற்க. வீட்டிற்குத் திரும்பியதும் அப்பத்தா என் ஆசிரியராயினார். மருத்துவர் கூறிய பயிற்சிகளுக்குக் கருவி எதுவும் விலைக்கு வாங்கவேண்டியிருக்கவில்லை. ஈரத்துண்டை இரு கையாலும் முறுக்கிப் பிழிதல் ஒன்று. ஒருபுறம் பத்து முறை, மறுபுறம் பத்து முறை. நியாயவிலைக் கடை அரிசியைப் பாதியளவு நிரப்பிய பாத்திரத்திற் கையைப் புதைத்து, விரல்களை மெல்ல விரித்து மடக்குதல் மற்றொன்று. பழைய செய்தித்தாளின் ஒரு தாளை ஒரே கையாற் கசக்கி உருண்டையாக்குதல். துணி மாட்டும் கிளிப்பைப் பெருவிரலாலும் பிற விரல்களாலும் மாறி மாறி அழுத்தித் திறத்தல். விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் இட்டு அதனை எதிர்த்து விரித்தல். இறுதியாக, வாளியில் இரண்டு லிட்டர் நீர் கொண்டு மொட்டைமாடியில் நடத்தல். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது ஆதலின், தராசின்றியே எடையைக் கூட்ட இயலும். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் கூட்டினேன். மூச்சை அடக்காமற் செய்தல் வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் உயரும். சுளீரென வலித்தால் உடனே நிறுத்துதல் வேண்டும். எலும்பு முறிந்தவர் மருத்துவர் இசைவின்றி இவற்றுள் எதையும் தொடங்கலாகாது.

இவற்றைச் செய்யுங்கால் எம்மூரின் கைகள் பல என் நினைவிற்கு வந்தன. பிடியென்பது ஒன்றன்று, இறுக்கும் பிடி, தாங்கும் பிடி, கிள்ளும் பிடி என அதனைப் பகுக்கலாம். துணி பிழிவோரிடம் இறுக்கும் பிடியைக் காணலாம். தைத் திங்களில் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் சீறிவரும் காளையின் திமிலை அணைந்து, அது துள்ளத் துள்ள விடாது தொங்கும் இளைஞனிடம் தாங்கும் பிடியைக் காணலாம். மதுரை மல்லிகையை இமைப்பொழுதில் எடுத்து, காம்பு நசுங்காமல் நாரில் முடிந்திடும் பூக்காரம்மையிடம் கிள்ளும் பிடியைக் காணலாம். இவர்களுள் எவரும் பிடியை வளர்ப்பதற்கெனத் தனியே பயின்றவரல்லர். அவர்தம் தொழிலே பயிற்சியாயிற்று.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் மாலை, மாடியில் வாளியுடன் நடக்கையில், கொடியில் உலர்ந்த அப்பத்தாவின் சேலையை நோக்கினேன். நான் முறுக்கிய துண்டின் கீழ்த் தரை உலர்ந்திருந்தது. அச்சேலையின் கீழோ நீர் சொட்டிக் குளம்போல் தேங்கியிருந்தது. எத்தனை நாட்களாக இவ்வாறு சொட்டுகின்றது? அப்போதுதான் பிறவும் ஒவ்வொன்றாக என் சிந்தையில் எழுந்தன. புரட்டாசியில் பாற்செம்பு நழுவி உருண்டது. ஊறுகாய்ப் புட்டியை என் தாயிடம் நீட்டித் திறக்கச் சொன்னது. உசிலம்பட்டியிலுள்ள தங்கை வீட்டிற்குத் திங்கள்தோறும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தனியே சென்றுவந்தவர், ஒருமுறை பேருந்தின் கம்பியைப் பிடிக்க இயலாமல் தடுமாறியதும், "இனித் தனியே போகவேண்டாம்" என்று என் தந்தை தடுத்ததும், அவர் மறுமொழி கூறாது உள்ளே சென்றதும் நினைவிற்கு வந்தன.

"அப்பத்தா, உங்களுக்கும் பிடி குறைந்துவிட்டதன்றோ? ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த மட்டும் இந்தக் கையி நல்லாத்தான் இருந்துச்சு. மிக்ஸி வந்துச்சு, கிரைண்டர் வந்துச்சு, வேலை போச்சு; வேலையோட புடியும் போச்சு. வயசாச்சுன்னு சொல்லி மூலையில உக்காத்தி வச்சிருவீகளேன்னு சொல்லலய்யா" என்றார்.

அன்று முதல் மாடியில் இரண்டு வாளிகள் நடந்தன. மருத்துவரிடம் கேட்டு, அவருக்கும் அளவு வகுத்துக்கொண்டோம். ஒருவர் எண்ண ஒருவர் பிழிந்தோம். வையை பெருகியபோது தன் பங்குக் கரையை அடைக்க ஆளில்லாது கலங்கிய வந்திக்குச் சொக்கநாதரே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டிற்கு மண் சுமந்தார் என்னும் கதையை எம் பகுதியில் அறியாதார் இல்லை. ஒருநாள் அப்பத்தா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வந்திக்கு ஆளில்லாம சாமியே வரவேண்டியிருந்துச்சு, எனக்கு நீயி வந்துட்டய்யா" என்றார். யான் நாணித் தலைகுனிந்தேன். என் கை முறியாதிருந்தால், அச்சேலை சொட்டுவதை யான் நோக்கியிருப்பேனோ?

தேர்வுகளை எழுதினேன். கடைசித் தாளின் இறுதி அரைமணி நேரம் எழுத்து கோணிற்று. ஆயினும் பேனா நழுவவில்லை. தையில் மீண்டும் அளந்தபோது என் வலக்கை 26 கிலோ காட்டிற்று. அப்பத்தாவின் கை 17. வல்லுநர் வகுத்த எல்லையை இருவரும் எட்டவில்லை. "இன்னும் ஒண்ணுதானே பாக்கி" என்று அப்பத்தா கருவியைத் திருப்பித் தந்தார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அவர் உசிலம்பட்டிக்குப் புறப்பட்டார். என் தந்தை மறுப்பு ஒன்றும் கூறவில்லை. யானே பேருந்து நிலையம்வரை உடன் சென்றேன். தேனிப் பேருந்தின் படியில் ஏறி, வாயிற்கம்பியை வலக்கையாற் பற்றி, என்னைத் திரும்பி நோக்கினார். புறங்கையின் நரம்புகள் புடைத்து நின்றன. பேருந்து அசைந்தது, கை அசையவில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், கொடியிற் காயும் துணியின் கீழ்த் தரையை ஒருமுறை நோக்குங்கள். அவர்கள் வாயால் உரைக்காததை அத்தரை உங்கட்கு உரைக்கக் கூடும்.