திருப்பிக் கொடுக்கும் விடைத்தாள்

சென்னை சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டில் தோன்றியபோது, லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு, பாடம் சொல்லும் ஸ்தாபனமாக அல்லாமல் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே அமைந்தது என்பதைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். பாடம் சொன்னவர் ஒருவர், கேள்வி வகுத்தவர் வேறொருவர், விடைத்தாளைத் திருத்தியவர் எங்கோ ஓர் ஊரில் முகாமிட்டிருந்த மூன்றாமவர் என்று, ஒருவரையொருவர் அறியாத மூவர் சேர்ந்து நிர்ணயித்த ஓர் எண்ணே மாணாக்கனின் அறிவுக்கு அத்தாட்சியாயிற்று. அந்த ஏற்பாட்டில் பட்சபாதத்துக்கு இடம் குறைவு என்ற நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் தான் எழுதிய விடையில் எந்த வரி சரி, எந்த வரி பிசகு என்பதை எழுதியவனே கடைசிவரை அறியாமற்போகும் பெருங்குறையும் அதனோடு கூடவே பிறந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஓர் அரசினர் கலைக் கல்லூரியில் கணிதம் படித்துத் தேறிய நான், இறுதிப் பரீட்சையில் எழுதிய விடைத்தாள் ஒன்றையாவது மறுபடி கண்ணால் கண்டதில்லை. காண வேண்டும் என்று அந்நாளில் தோன்றியதும் இல்லை. பட்டியலில் நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் அரியர். அதற்கப்பால் யோசிக்க எங்களுக்கு ஒன்றுமிருக்கவில்லை.

அப்படி வளர்ந்தவன் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மில்வாக்கி நகரில் குடியேறி, கல்லூரியொன்றில் புள்ளியியல் போதிக்கத் தொடங்கியபோது, குளிருக்குப் பழகுவதைக் காட்டிலும் இங்குள்ள பரீட்சை முறைக்குப் பழகுவதற்கே அதிக நாள் பிடித்தது. பாடம் சொன்னவரே கேள்வி வகுத்து, அவரே திருத்தி, ஓரிரு வாரத்துக்குள் மாணாக்கர் கையில் தாளைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து, இந்த இடத்தில் ஏன் இரண்டு மதிப்பெண் குறைத்தீர்கள் என்று நிதானமாக வாதாடும் உரிமை அவர்களுக்கு உண்டு. மதிப்பெண்ணைப் பெயரோடு பலகையில் ஒட்டுவதோ, நம் பள்ளிகளில் போலப் பெரியதிலிருந்து சிறியது வரை வகுப்பில் உரக்க வாசிப்பதோ ஆகாது. 1974-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்றின்படி, கல்லூரியில் சேர்ந்தவனின் பதிவேடுகள் மீதான உரிமை பெற்றோரை விட்டு அவனுக்கே மாறிவிடுகிறது. சிக்காகோவிலிருந்து தமிழ்க் குடும்பத்துத் தகப்பனார் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, சொந்த ஊரையெல்லாம் விசாரித்து முடித்த பின், "நம்ம பையன் உங்க கிளாஸ்லதான் சார் இருக்கான், மார்க் எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். "தம்பி எழுதிக் கொடுத்தாத்தாங்க நான் சொல்லலாம், காலேஜ் விதி அப்படி" என்றேன். "ஃபீஸ் கட்டறது நான்தானே சார்?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை, ஆயினும் மதிப்பெண் என்பது கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் இடையே நடக்கும் சம்பாஷணையின் பகுதி என்ற கொள்கையை அன்றுதான் என் வாயாலேயே சொல்லி உணர்ந்தேன்.

இனி, இங்கே நான் கற்ற உபாயங்களுள் மிகச் சிறியதும் மிகப் பயனுடையதுமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பு முடியச் சில நிமிஷங்கள் இருக்கையில் ஆளுக்கொரு சிறு அட்டையைக் கொடுத்து, இன்று கற்றவற்றுள் முக்கியமானது எது, இன்னும் விளங்காதது எது என்று இரண்டே கேள்விகளுக்குப் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுவது. பெர்க்கிலியில் பௌதிகப் பேராசிரியராயிருந்த சார்ல்ஸ் ஷ்வார்ட்ஸ் தொடங்கியதென்று சொல்லப்படும் இவ்வழக்கம், பட்ரீஷியா கிராஸும் தாமஸ் ஆஞ்சலோவும் 1988-ல் வெளியிட்ட கைந்நூலின் மூலம் நாடெங்கும் பரவிற்று. விஸ்கான்சின் பால்பண்ணை நாடாதலால், புதிய தீவனம் தின்ற பசுக்கள் அதிகமாகக் கறக்கின்றனவா என்ற கணக்கை ஒரு நாள் வகுப்பில் செய்து காட்டி, பி-மதிப்பு 0.03 என்று முடித்திருந்தேன். அன்று வந்த அட்டைகளுள் ஒன்றில், விளங்கியது என்ற தலைப்பின் கீழ், "தீவனத்தால் பயன் இல்லை என்பதற்கு நூற்றுக்கு மூன்றுதான் வாய்ப்பு" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. விளங்காதது என்ற இடத்தில் ஒன்றுமில்லை. தீவனத்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதனினும் பெரியதோ தற்செயலாக நேர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்பதே பொருள். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் முற்றிலும் வேறானவை. இதை எழுதியவர் பரீட்சையில் கணக்கைப் பிழையறப் போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருப்பார். தவறும் அவரோடு பட்டம் பெற்று வெளியேறியிருக்கும். அட்டைக் கட்டில் இதே கருத்து வேறு வேறு கையெழுத்தில் வந்துகொண்டேயிருந்தபடியால், மறுநாள் புதுப் பாடம் தொடங்காமல் பசுக்களையே மறுபடி கறக்க வேண்டியதாயிற்று.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறுதல் தருபவர் ஹார்வார்டின் எரிக் மாஸுர். மாணாக்கர் கடினமான பௌதிகக் கணக்குகளைப் போடுவதையும் தம்மை நல்லாசிரியர் என்று மதிப்பதையும் கண்டு திருப்தியோடிருந்த அவர், அரிசோனாவைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டெனிஸும் சகாக்களும் வகுத்திருந்த, கணிதமே தேவைப்படாத எளிய வினாக்களைத் தம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தார். கனத்த லாரியும் சிறு காரும் மோதும்போது எது அதிக விசையைச் செலுத்துகிறது என்ற கேள்விக்கு, நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களிலேயே பலர் லாரி என்று நினைத்தார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று மாணாக்கர் ஒருவர் அவரையே கேட்டாராம்! 1991 முதல் அவர் பிரசங்கத்தை இடையிடையே நிறுத்தி, ஒரு கேள்வியைப் போட்டு, தனித்தனியே விடை சொல்லச் செய்து, பிறகு பக்கத்திலிருப்பவரோடு விவாதித்து மறுபடி விடை சொல்லச் செய்யும் முறையைக் கைக்கொண்டார். இதைப் புதுமை என்று இங்குள்ளவர்கள் கொண்டாடும்போது நான் உள்ளூரச் சிரித்துக்கொள்வதுண்டு. ஏனெனில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளின் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் முறையை அமைத்து 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயராலேயே இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கு ஹார்வார்டில் ஒரு நாற்காலி போட்டால் தகும்.

எங்கள் நகரின் தென்பகுதியில், பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள் ஸ்தாபித்த ஆல்வெர்னோ என்ற பெண்கள் கல்லூரி, சிஸ்டர் ஜோயல் ரீட் தலைவியாயிருந்த காலத்தில், 1973-ல் எழுத்துத் தரங்களையே அகற்றி, பகுத்தாய்தல், சிக்கலைத் தீர்த்தல், எடுத்துரைத்தல் முதலான எட்டுத் திறன்களைப் படிப்படியாகச் செய்து காட்டினால்தான் பட்டம் என்று விதித்தது. சேர்ந்தவுடன் மாணவி பேசும் பேச்சைப் படமெடுத்து வைப்பார்கள். ஆசிரியை அபிப்பிராயம் சொல்லுமுன் மாணவியே தன் பேச்சைப் பார்த்து, இன்ன அளவுகோல்படி இன்னது கைகூடிற்று, இன்னது கைகூடவில்லை என்று எழுத வேண்டும். மதிப்பிடுபவர்களாக நகரத்து உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும்கூட வந்து அமர்வதுண்டு. அங்கே நர்ஸிங் படித்த அம்மையார் ஒருவர் என்னிடம் சொன்னார்: முதற்பேச்சுக்குத் தாம் எழுதிய சுயமதிப்பு, பயமாயிருந்தது, குரல் நடுங்கியது என்ற அளவோடு நின்றுவிட்டதென்றும், கடைசி வருஷத்தில் எழுதியதிலோ, மருந்தின் அளவை நோயாளிக்கு விளக்கும்போது கேட்பவர் முகத்தைப் பாராமல் காகிதத்தைப் பார்த்ததால் அவருக்கு விளங்கவில்லை என்று காரணத்தோடு எழுத முடிந்ததென்றும். தன் வேலையைத் தானே நிறுத்துப் பார்க்கும் இந்த விவேகத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் 1988-ல் பள்ளிப் பிள்ளைகளிடையே நடத்திய சோதனையும் இங்கே நினைவுக்கு வருகிறது: குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண்ணைக் கண்ட கண் அதன் கீழுள்ள எழுத்தைப் படிப்பதில்லை போலும்!

அமெரிக்காவில் எல்லாம் செம்மையாயிருக்கிறது என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். அங்கீகாரம் வழங்கும் சபைகள் கற்றலுக்குச் சாட்சியம் கேட்கத் தொடங்கியதிலிருந்து, ரூப்ரிக் என்ற அளவுகோல் அட்டவணையைக் கட்டங்கட்டமாக நிரப்பி வருஷாந்திர அறிக்கை சமர்ப்பிப்பது ஆசிரியர்களின் நித்திய கர்மங்களுள் ஒன்றாகிவிட்டது. அந்த அறிக்கையை வாசித்துத் தன் பாடத்தை மாற்றிக்கொண்டவர் மிகச் சிலரே. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டிலிருந்து எழுதி வரும் கட்டுரையை நம்ப முடியாமல், வகுப்பில் கையால் எழுதும் நீல அட்டைப் பரீட்சை நோட்டுகள் பல கல்லூரிகளில் மீண்டும் தலைகாட்டுகின்றன. எழுதியதைப் பற்றி எதிரில் உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசிப் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. வகுப்பு பெரிதானால் அது இயலாது என்பதும் உண்மையே.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். திருத்திய விடைத்தாளைப் பார்வையிட எழுதியவருக்கு உரிமையுண்டு என்று உச்சநீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்தாயிற்று. ஆயினும் பணம் கட்டி நகல் வாங்கிப் பார்ப்பவர் மதிப்பெண் கூடுமா என்றுதான் பார்க்கிறாரேயன்றிக் கற்பதற்குப் பார்ப்பதில்லை, அதற்குள் பருவமும் முடிந்துவிடுகிறது. சர்வகலாசாலைப் பரீட்சை உங்கள் கையில் இல்லை, ஆனால் இன்டர்னல் தேர்வு முழுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தத் தாளில் எண்ணைப் போடுமுன் இரண்டு வரி எழுதுங்கள். அந்த வாரத்துக்குள்ளேயே திருப்பிக் கொடுங்கள். எத்தனை போர்ஷன் பாக்கியிருந்தாலும், பிழையை மாணாக்கர் தாமே திருத்தி எழுத ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.